சானியா மிர்சா ஒற்றையரை விட்டது தோல்வியா?

செங்காங்அம்மா

வணக்கம். விளையாட்டுப் பகுதியில் இதுதான் என் முதல் பதிவு. இடம் மாறியிருந்தால் நடத்துநர் சரியான இடத்தில் போட்டுவிடுங்கள்.

மகள் தொடக்கநிலை 5. பக்கத்துக் கொண்டோவில் டென்னிஸ் கற்றுக்கொள்கிறாள். நன்றாக வருகிறது, வாரம் நான்கு நாள் அனுப்புங்கள் என்கிறார் பயிற்றுநர். "சானியா மாதிரி வருவாள்" என்று வேறு சொல்லி வைத்திருக்கிறார். வீட்டில் சொன்னதும் என் கொழுந்தனார், "சானியா என்ன கிழித்தார்? ஒற்றையரில் முடியாமல் இரட்டையருக்குப் போனவர்தானே" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். எனக்கு டென்னிஸ் அவ்வளவாகத் தெரியாது. அவருடைய ஆட்ட வாழ்க்கை நிஜமாகவே எப்படிப் போனது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.

ஒற்றையாட்டம்

கொழுந்தனார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அக்கா. ஒற்றையரில் சானியாவின் உச்ச ரேங்கிங் 27. கிராண்ட்ஸ்லாம், அதாவது டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகள், அவற்றின் ஒற்றையரில் நான்காம் சுற்றைத் தாண்டியதில்லை. நல்ல ஆட்டக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் "உலக முதலிடம்" என்று எழுதும்போது பக்கத்தில் "இரட்டையர்" என்று கொட்டை எழுத்தில் போட வேண்டும். நம் ஆட்கள் அதை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்கள்.

காலாங்கூரை

27ஐ ஒரு வரியில் தள்ளிவிட்டீர்களே! அவருக்கு முன்னால் இந்தியப் பெண்கள் எங்கே இருந்தார்கள் என்று பாருங்கள். கோயம்புத்தூர்ப் பெண் நிருபமா வைத்தியநாதன் 1998இல் ஆஸ்திரேலிய ஓபனில் ஒரு சுற்று ஜெயித்தார். 1968க்குப் பிந்தைய ஓபன் காலத்தில், கிராண்ட்ஸ்லாம் பிரதானச் சுற்றில் ஒரு இந்தியப் பெண் ஒற்றையர் ஆட்டம் ஜெயித்தது அதுவே முதல் தடவை. அந்த இடத்திலிருந்து ஏழு வருடத்தில் சானியா எங்கே கொண்டுபோனார்?

2005ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வயது 18. ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் மூன்றாம் சுற்று வரை போய் செரீனா வில்லியம்ஸிடம் தோற்றார். பிப்ரவரியில் சொந்த ஊர் ஹைதராபாத்தில் டபிள்யூடிஏ (பெண்கள் தொழில்முறை டென்னிஸ் சங்கம்) ஒற்றையர் பட்டம், அதுவும் ஒரு இந்தியப் பெண்ணுக்கு முதல் முறை. அடுத்து துபாயில் குஸ்நெத்சோவாவை நேர் செட்டில் அடித்தார். குஸ்நெத்சோவா அப்போது நடப்பு யுஎஸ் ஓபன் சாம்பியன். செப்டம்பரில் யுஎஸ் ஓபன் நான்காம் சுற்று, எதிரில் ஷரபோவா. இத்தனையும் ஒரே வருடத்தில்.

கிரிக்கெட்டைத் தவிர வேறெதையும் முதல் பக்கத்தில் போடாத பத்திரிகைகள் அவரைப் போட்டன. சட்டையில் என்ன எழுதியிருக்கிறது, பாவாடை எவ்வளவு நீளம் என்று ஆராய்ந்ததும் அதே பத்திரிகைகள்தான், அது வேறு கதை.

27ஆம் இடம் வந்தது ஆகஸ்ட் 2007இல். அதன் பிறகு நடந்ததுதான் உங்கள் கேள்விக்குப் பதில், அக்கா. மணிக்கட்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் முதல் சுற்று ஆட்டத்தையே முடிக்க முடியாமல் பாதியில் விலகினார். தலை சீவக்கூட முடியாத நிலை என்று பிற்பாடு பேட்டிகளில் சொன்னார். ஒற்றையரைக் கடைசியாக 2013இல் முழுவதுமாக விட்டார். ஆகவே "முடியாமல் போனார்" என்பது சரி. ஆனால் எது முடியவில்லை என்று கொழுந்தனாரைக் கேளுங்கள். முடியாதது ஆட்டம் இல்லை, உடம்பு.

மூணாம்மாடி

இழை சூடு பிடிக்குது. கோப்பி ஒன்று போட்டுக்கொண்டு வருகிறேன்.

பேஸ்லைன்பாண்டி

உடம்பு மட்டும் இல்லை, காலாங்கூரை. ஆட்டமும்தான். விசிறிகள் இதைச் சொன்னால் கோபப்படுகிறார்கள், ஆனாலும் சொல்கிறேன்.

சானியாவிடம் ஒரு பெரிய ஆயுதம் இருந்தது, ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது. ஆயுதம் ஃபோர்ஹேண்ட். பழைய ஆட்டங்களின் காணொளியை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். பந்தை உடம்புக்கு நன்றாக முன்னால் எடுப்பார், கடைசி நொடியில் மணிக்கட்டைச் சுழற்றி விடுவார். பின்னிழுப்பு சின்னது, அதனால் பந்து எந்தப் பக்கம் போகும் என்று எதிராளிக்குக் கடைசி வரை தெரியாது. அவருடைய மூட்டுகள் சாதாரண ஆட்களைவிட அதிகம் வளைபவை. அந்த வளைவு கொடுத்ததுதான் அந்த வேகம். அதே வளைவுதான் மணிக்கட்டைத் தின்றது.

ஓட்டை, சர்வ். அதிலும் இரண்டாவது சர்வ். மெதுவாக, உயரம் இல்லாமல் வந்து விழும். ஒற்றையரில் ஒரு கேம் விட்டு ஒரு கேம் நீங்கள் சர்வ் போட்டாக வேண்டும். முதல் பத்து இடத்தில் இருக்கிற பெண்ணுக்கு அப்படி ஒரு பந்து கொடுத்தால் அவள் ஒரு அடி உள்ளே வந்து அறைந்துவிட்டுப் போவாள்.

இரட்டையரில் கோர்ட்டில் நான்கு பேர். நான்கு கேமுக்கு ஒரு தடவைதான் உங்கள் சர்வ். அப்போதும் வலையில் ஒரு ஜோடி நின்றுகொண்டு எதிராளியைப் பயமுறுத்திக்கொண்டிருப்பார். ஒற்றையர் கோர்ட்டின் அகலம் 8.23 மீட்டர், முழுதும் நீங்களே ஓட வேண்டும். இரட்டையரில் 10.97, அதை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். முழங்கால் அறுவையும் ஆன சானியாவுக்கு இந்த வித்தியாசம் சாதாரணம் இல்லை.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. 2006 வாக்கில் டூர், அதாவது வருடம் முழுக்க நடக்கும் தொழில்முறைப் போட்டிகளின் இரட்டையர் விதிகளை மாற்றினார்கள். 40-40 ஆனால் ஒரே ஒரு புள்ளி, அதோடு கேம் முடிந்தது. அந்தப் புள்ளியில் யார் சர்வைத் திருப்புவது என்பதைச் சர்வ் வாங்கும் அணியே முடிவு செய்யலாம். உங்கள் அணியில் சானியாவின் ஃபோர்ஹேண்ட் இருந்தால் யாரை நிறுத்துவீர்கள்? அவருடைய ஓட்டையை மறைத்து ஆயுதத்தைப் பெரிதாக்குகிற ஆட்டம் அது. அவர் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியம் என்ன?

ஒற்றையாட்டம்

பாண்டி அண்ணே, நீங்களே எனக்கு வேலை மிச்சம் வைக்கவில்லை. ஓட்டை வெளியே தெரியாத இடம் தேடிப் போனார் என்றுதானே சொல்கிறீர்கள்?

உலகமே இரட்டையருக்கு என்ன விலை வைத்திருக்கிறது என்று பாருங்கள். 2015 விம்பிள்டனில் ஒற்றையர் சாம்பியனுக்கு 18 லட்சத்து 80 ஆயிரம் பவுண்டு. அதே வருடம் பெண்கள் இரட்டையரில் சானியாவும் அவர் ஜோடி, சுவிட்சர்லாந்தின் மார்ட்டினா ஹிங்கிஸும் வென்றார்களே, அந்த ஜோடிக்கு 3 லட்சத்து 40 ஆயிரம். ஆளுக்குப் பாதி. பரிசுத் தொகையே பேசுகிறது.

காலாங்கூரை

தேக்காவில் ஆட்டிறைச்சிக்கும் கோழிக்கும் விலை வேறுதான். அதனால் கோழி சமைப்பவருக்குச் சமையல் தெரியாது என்று ஆகிவிடுமா? டிக்கெட்டும் தொலைக்காட்சியும் ஒற்றையரை நம்பி ஓடுகின்றன, பணமும் அங்கே போகிறது. ஆட்டம் சுலபம் என்பதற்கு அது சாட்சி இல்லை.

அவ்வளவு சுலபம் என்றால் சானியா ஏன் அத்தனை வருடம் காத்திருந்தார்? ஒற்றையரில் 27 வந்தது ஆகஸ்ட் 2007. இரட்டையரில் முதலிடம் வந்தது ஏப்ரல் 2015. நடுவில் ஏழரை வருடம், நம் ஊர்க் கணக்கில் ஏழரைச் சனி! கலப்பு இரட்டையரில் மகேஷ் பூபதியோடு 2009 ஆஸ்திரேலிய ஓபன், 2012 பிரெஞ்சு ஓபன், புருனோ சோரெஸோடு 2014 யுஎஸ் ஓபன் என்று பட்டங்கள் வந்தன. பெண்கள் இரட்டையரில் மட்டும் பெரிய பட்டம் வழுக்கிக்கொண்டே இருந்தது. 2011 பிரெஞ்சு ஓபனில் வெஸ்னினாவோடு இறுதிவரை போய்த் தோற்றார்.

அந்த வழுக்கல் நின்ற இடம் எது தெரியுமா? நம்ம காலாங்.

2014 அக்டோபர், தீபாவளி வாரம். வருடக் கடைசியில் முன்னணி ஆட்டக்காரர்கள் மட்டும் ஆடும் டபிள்யூடிஏ இறுதிச்சுற்று முதல் தடவையாகச் சிங்கப்பூருக்கு வந்திருந்தது. உள்ளரங்கில் ஊதா நிறக் கோர்ட், மேலே கோர்ட்டுக்கு மட்டும் வெளிச்சம், கூட்டம் இருட்டில். லிட்டில் இந்தியாவில் ஒளியூட்டு பார்த்துவிட்டு அப்படியே எம்ஆர்டி பிடித்து வந்த குடும்பங்களைப் பார்த்தேன், பட்டுப்புடவையோடு. சானியாவின் ஜோடி ஜிம்பாப்வேயின் காரா பிளாக். அரையிறுதியில் பெஷ்கே - ஸ்ரெபோட்னிக் ஜோடியிடம் தோற்கிற விளிம்பு வரை போய், மூன்றாவது செட்டுக்குப் பதிலாக ஆடும் மேட்ச் டைபிரேக்கில் தப்பித்தார்கள். அது முடிகிற வரை எனக்குப் பின்னால் இருந்த பாட்டி "முருகா முருகா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இறுதியில் எதிரில் ஷே சு-வெய், பெங் ஷுவாய். நடப்புச் சாம்பியன்கள், ஆசிய ஜோடி. பெரிய போராட்டம் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் 6-1, 6-0. உட்கார்ந்த இடம் சூடாவதற்குள் முடிந்துவிட்டது.

மறுவருடம் ஹிங்கிஸோடு வந்து மறுபடி வென்றார், முகுருசா - சுவாரெஸ் நவாரோவை 6-0, 6-3 என்று. சிங்கப்பூரில் அந்தப் போட்டி ஐந்து வருடம் நடந்தது, 2018 வரை. அதில் இரண்டு வருட இரட்டையர் கோப்பை அவர் கையில்.

தென்காசிமருமகன்

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். இந்திய டென்னிஸ் என்று பேசிவிட்டு எங்கள் ஊர்க்காரர் ராமநாதன் கிருஷ்ணனைச் சொல்லாமல் போவதா? 1954இல் விம்பிள்டன் இளையர் பட்டம், 1960, 61 இரண்டு வருடமும் விம்பிள்டன் ஒற்றையர் அரையிறுதி. மகன் ரமேஷ் 1989 ஆஸ்திரேலிய ஓபனில் அன்றைய உலக முதலிட வீரர் விலாண்டரைத் தோற்கடித்தார். அப்பாவும் சரி மகனும் சரி, பலமான சர்வ் கிடையாது. தொட்டுத் தொட்டு ஆடியே ஜெயித்தவர்கள். சாணி மெழுகிய தரையில் ஆடி வளர்ந்த தலைமுறை.

பேஸ்லைன்பாண்டி

சானியாவும் சாணித் தரைதான், மருமகனாரே. ஹைதராபாத்தில் தான் ஆறு வயதில் தொடங்கியபோது அப்படிப்பட்ட கோர்ட்டுகள்தான் இருந்தன என்று சொல்லியிருக்கிறார். நம் பிள்ளைகளுக்கு இங்கே பிரச்சினை தரை இல்லை. கோர்ட் பதிவு செய்வதும், செய்த அன்றைக்கு மூன்று மணி மழையும்தான்.

செங்காங்அம்மா

எவ்வளவு விவரம்! எல்லோருக்கும் நன்றி. ஒற்றையாட்டம் தம்பி, நீங்களும் என் கொழுந்தனாரும் ஒரே வீட்டில் பிறந்தவர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது :)

இப்போது என் கவலை வேறு பக்கம் போகிறது. 27ஆம் இடத்தில் இருப்பவருக்கே உடம்பு இப்படி என்றால், அந்த அளவுக்குப் போகாதவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? பயிற்றுநர் "இப்போதே முழுநேரமாக இறங்காவிட்டால் காலம் கடந்துவிடும்" என்கிறார். அது நிஜமா?

பயணப்பை

நான் கொஞ்ச காலம் கீழ்மட்டப் போட்டிகளில் ஆடியவன், தேசிய சேவைக்கு முன்பு. பெயர் சொல்லும் அளவுக்கு ஒன்றும் இல்லை, ஆனால் அந்த வாழ்க்கையைப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன்.

முதலில் காலம் கடந்துவிடும் என்பது. அக்கா, பெண்கள் டென்னிஸில் வயது விதி இருக்கிறது. 14 வயது நிறையும் வரை தொழில்முறைப் போட்டியில் ஆடவே முடியாது. 14இலிருந்து 18 வரை வருடத்துக்கு இத்தனை போட்டிதான் என்று வரம்பு. அமெரிக்காவின் ஜெனிஃபர் கப்ரியாட்டி 1990இல் 13 வயதில் தொழில்முறை ஆட்டக்காரியாக இறங்கி, பின்னால் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு கொண்டுவந்த விதி. உங்கள் மகளுக்கு 11. அவசரப்பட்டாலும் கதவு திறக்காது. அவசரம் யாருக்கு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிழைப்பு. டென்னிஸில் ஒரு கோடு இருக்கிறது. கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் 128 பேர் ஆடுகிறார்கள், அதில் 104 பேர் ரேங்கிங்கை வைத்து நேராக உள்ளே போகிறவர்கள். அந்த 104க்குள் இருந்தால், முதல் சுற்றிலேயே தோற்றாலும் வருடத்துக்கு நான்கு பெரிய காசோலை உண்டு. 2024 யுஎஸ் ஓபனில் முதல் சுற்றில் தோற்றவருக்கே ஒரு லட்சம் அமெரிக்க டாலர். பயிற்றுநர், உடற்பயிற்சி ஆள், விமானச் சீட்டு எல்லாம் அந்தக் காசில்தான் ஓடும்.

கோட்டுக்கு வெளியே? அடிமட்டப் போட்டியில் மொத்தப் பரிசே 15 ஆயிரம் அமெரிக்க டாலர். அதையும் ஒற்றையர், இரட்டையர் எல்லோரும் பங்கு போட வேண்டும். முதல் சுற்றில் தோற்றால் 200 டாலர்கூட வராது, வரியும் பிடிப்பார்கள். பட்டமே வென்றாலும் இரண்டாயிரத்துச் சொச்சம். ராக்கெட் நரம்பு கட்டுவது, அறை, சாப்பாடு எல்லாம் நம் செலவு. ஒரே அறையில் மூன்று பேர் படுப்போம், எதிராளியோடு சேர்ந்தே டாக்சி பிடித்து மைதானத்துக்குப் போவோம். காலையில் தோற்றவன் மாலையே ஊர் மாறிவிடுவான், ஒரு ராத்திரி வாடகையாவது மிச்சமாகட்டும் என்று.

சுமித் நாகல் 2023இல் வெளிப்படையாகச் சொன்னாரே, வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று. அவர் அப்போது இந்தியாவின் முதல் நிலை ஒற்றையர் ஆட்டக்காரர்! சில மாதத்தில் 2024 ஆஸ்திரேலிய ஓபனில் சீட் பெற்ற, அதாவது அந்தப் போட்டியின் முன்னணி வரிசையில் வைக்கப்பட்ட, புப்ளிக்கைத் தோற்கடித்தார். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் ஒரு இந்திய ஆண் அப்படிச் செய்தது, மேலே மருமகனார் சொன்ன ரமேஷ் கிருஷ்ணன் - விலாண்டர் ஆட்டத்துக்குப் பிறகு அதுதான். அடுத்த மாதம் டூருக்கு அடுத்த நிலைப் போட்டியான சென்னை சேலஞ்சரை வென்று முதல் நூறுக்குள் வந்தார். வாசல் வரை வந்து பசியோடு நிற்பவர்கள் இப்படி எத்தனையோ பேர், எல்லோருக்கும் அந்த ஒரு வாரம் வருவதில்லை.

இந்த வெளிச்சத்தில் சானியாவைப் பாருங்கள். மணிக்கட்டோடு ஒற்றையரிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு வருடமும் அந்தக் கோட்டின் விளிம்பில் சண்டை போட்டுக்கொண்டு 26, 27 வயதில் நின்றிருப்பார். இரட்டையரோ 36 வயது வரை ஆட வைத்தது. நடுவில் 2018இல் குழந்தை பெற்றார், 2020 ஜனவரியில் திரும்பி வந்த முதல் போட்டியிலேயே ஹோபார்ட்டில் பட்டம். 2023இல் துபாயில் கடைசி ஆட்டம். இருபது வருடத் தொழில். எங்கள் அறையில் படுத்தவர்கள் யாருக்கும் அது கிடைக்கவில்லை.

பாசிர்ரிஸ்காரி

செங்காங் அக்கா, அமெரிக்கப் பல்கலைக்கழக வழியும் இருக்கிறது, அதையும் மனதில் வையுங்கள். சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஆடி 2007, 2008 இரண்டு வருடமும் கல்லூரி ஒற்றையர் சாம்பியன் ஆனார், அதன் பிறகுதான் முழுநேர டூர். அதற்கு முன்னால் இங்கே பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு), டிஎஸ்ஏ (விளையாட்டு போன்ற திறமையை வைத்து உயர்நிலைப் பள்ளியில் சேரும் வழி) இருக்கவே இருக்கின்றன. டிஎஸ்ஏ வழியில் உயர்நிலைப் பள்ளி கிடைத்ததும் பிள்ளைகள் பலர் ராக்கெட்டைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். பயிற்றுநர்களும் இதைத் தெரிந்துகொண்டுதான் தொடக்கநிலை 5இல் "வாரம் நான்கு நாள்" என்று ஆரம்பிக்கிறார்கள். உங்கள் பயிற்றுநரைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

ஒற்றையாட்டம்

பயணப்பை எழுதியதைப் படித்தேன். நீண்ட தொழில், சரியான முடிவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உச்சத்துக்குக் கொண்டுபோனது ஹிங்கிஸ். 16 வயதில் ஒற்றையரில் உலக முதலிடம் வந்தவர். அந்த மூளை பக்கத்தில் நின்றால் யாருக்கும் முதலிடம் வரும்.

காலாங்கூரை

யாருக்கும் வரும் என்றால் அந்த ஹிங்கிஸ் ஏன் சானியாவைத் தேடி வந்தார், தம்பி?

2015 மார்ச்சில் சேர்ந்தார்கள். இந்தியன் வெல்ஸ், மயாமி, சார்ல்ஸ்டன், வரிசையாக மூன்று பட்டம். சார்ல்ஸ்டனோடு சானியாவுக்கு முதலிடம். அந்த வருடம் இருவரும் சேர்ந்து ஒன்பது பட்டம். விம்பிள்டன், யுஎஸ் ஓபன், 2016 ஆஸ்திரேலிய ஓபன் என்று அடுத்தடுத்து மூன்று கிராண்ட்ஸ்லாம். தொடர்ந்து 41 ஆட்டம் தோற்கவில்லை. 1990இல் நவோட்னா - சுகோவா ஜோடி 44 எடுத்திருக்கிறது, அதன் பிறகு இதுதான்.

இவ்வளவும் ஒரு ஆள் வேலை இல்லை. ஹிங்கிஸ் வலையில் கைவித்தை காட்டுவார், ஆனால் அப்போது அவரிடம் பெரிய அடி இல்லை. பின்னாலிருந்து சானியா அறைந்து எதிராளியைத் திணறடித்தால்தான் ஹிங்கிஸுக்கு மிதந்து வருகிற பந்து கிடைக்கும். விம்பிள்டன் இறுதியைத் திரும்பப் பாருங்கள். மகரோவா - வெஸ்னினாவிடம் முதல் செட் போய்விட்டது, மூன்றாவது செட்டில் 2-5. அங்கிருந்து 5-5 வரை இழுத்தார்கள். இருட்டிவிட்டது என்று நிறுத்தி, கூரையை மூடி, விளக்குப் போட்டுத் திரும்பி வந்து நேராக இரண்டு கேம் எடுத்து முடித்தார்கள். அந்தக் கடைசிப் பகுதியில் சானியா சர்வைத் திருப்பியதைப் பாருங்கள், அப்புறம் வந்து பேசுங்கள்.

ஆகஸ்ட் 2016இல் பிரிந்துவிட்டார்கள். அந்த வருடம் சிங்கப்பூர் இறுதிச்சுற்றுக்காக மட்டும் மறுபடி சேர்ந்து வந்தார்கள். அரையிறுதியில் அதே மகரோவா - வெஸ்னினா திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கும் நான் போயிருந்தேன். அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

மூணாம்மாடி

கோப்பி ஆறியே போச்சு லா.

செங்காங்அம்மா

எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொழுந்தனாரிடம் கொடுக்கப் போகிறேன். மகளை வாரம் இரண்டு நாளோடு நிறுத்தி வைக்கலாம் என்று நானும் அவள் அப்பாவும் பேசியிருக்கிறோம். பாண்டி அண்ணே, ஒரு சந்தேகம். அந்த இரண்டு நாளில் பயிற்றுநரிடம் எதைக் கேட்டு வாங்குவது? இப்போது பெரும்பாலும் பின்னால் நின்று அடிப்பதுதான் நடக்கிறது.

பேஸ்லைன்பாண்டி

சர்வ், தங்கச்சி. அதிலும் இரண்டாவது சர்வ். தூக்கிப் போடும் பந்து தினமும் ஒரே இடத்துக்குப் போகிறதா என்று மட்டும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள், வேகம் தானாக வரும். பிள்ளைகளுக்கு அது சலிப்பு, பயிற்றுநருக்கும் சலிப்பு, அதனால்தான் எல்லா இடத்திலும் கடைசிப் பத்து நிமிடத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். வகுப்பு தொடங்கும்போதே போடச் சொல்லுங்கள், கை சோர்வதற்கு முன்னால். பிடியை ஒரு தடவை வீடியோ எடுத்து இங்கே போடுங்கள், முகம் தெரிய வேண்டாம், கை மட்டும் போதும். ஃபோர்ஹேண்ட் பிடி ரொம்பவும் உள்ளே சுற்றியிருந்தால் இந்த வயதிலேயே கொஞ்சம் தளர்த்தலாம். அப்புறம் வாரத்தில் ஒரு தடவையாவது நான்கு பேரைச் சேர்த்து ஆட விடுங்கள். பாசிர் ரிஸ் பக்கம் வர முடியும் என்றால் ஞாயிறு காலையில் எங்கள் குழுவில் இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஜோடிக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். தனிச்செய்தி அனுப்புங்கள்.